கூடைப்பந்து அரங்கின் மரத்தளம் மங்கிவிட்டால், மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டுமா?

பளபளப்பு மட்டும் மங்கியிருந்தால் வேண்டியதில்லை. வட அமெரிக்கப் பள்ளிகளின் மேப்பிள் மரத் தளங்களில், பெரும்பாலும் கோடை விடுமுறையின்போது, பாலியூரித்தேன் எனும் தெளிவான நெகிழியாலான பழைய பூச்சின் மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கி அதன்மேல் புதிய பூச்சு இடுகிறார்கள். ஆட்டக் கோடுகள் பூச்சுக்கு அடியில் இருப்பதால் அவை அழிவதில்லை.

இந்த வேலையில் பூச்சைவிடத் தயாரிப்பே முக்கியம் என்பேன். மெழுகோ, சிலிக்கோன் கலந்த துப்புரவுத் திரவமோ, ஒட்டுநாடாவின் பசையோ சிறிது எஞ்சியிருந்தாலும் புதிய பூச்சு அந்த இடத்தில் குழிகுழியாக விலகும், அல்லது பின்னர் செதில் செதிலாக உரியும். ஆகவே தளத்தில் நீர் தேங்கவிடாமல் துடைத்து, உலர்ந்தபின் 100 முதல் 150 வரையிலான எண் (எண் கூடக்கூட நுண்மையானது) கொண்ட, உப்புத்தாள் போன்ற உராய்வு வலையால் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்து, ஈரத்துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். நீர் சார்ந்த பூச்சுக்கு முன் எஃகுக் கம்பளி மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் துருப்பிடித்துக் கறையாகிவிடும்.

பூச்சு தேய்ந்து மரமே வெளிப்பட்டிருந்தால்தான் முழுத் தேய்ப்பு தேவை. ஒவ்வொரு முறையும் பலகையின் தடிமன் குறைவதால், அதைச் சில தடவைகளே செய்ய இயலும்.

எண்ணெய் சார்ந்த பூச்சில் நனைந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் அவற்றைப் போட்டுவையுங்கள்.