நிச்சயதார்த்த மோதிரத்தைப் பதற்றமில்லாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆவணியில் நிச்சயம், இன்னும் 6 வாரம்தான் இருக்கிறது, அம்மா 22 கேரட் தங்கமே போதும் என்கிறார், நண்பர்கள் வைரம் வாங்கு என்கிறார்கள், பெண்ணிடம் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள், கடைக்குள் நுழையவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இரண்டு உண்டு. ஒன்று என் நிச்சயம், இன்னொன்று என் தம்பியின் நிச்சயம்.

என் நிச்சயம் 2016இல் மதுரையில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஆசையாக வாங்கிய மோதிரம்தான், ஆனால் என் விரல் அளவை யாரும் கேட்கவில்லை, நாத்தனார் விரலுக்குப் போட்டுப் பார்த்து வாங்கிவிட்டார்கள். மேடையில் அது விரல் மூட்டைத் தாண்டவே இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர் கை நடுங்குகிறது, கடைசியில் அத்தை சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தார். அளவைப் பிறகு சரி செய்துவிட்டோம். சரி செய்ய முடியாதது அதன் அமைப்பு. கல் நன்றாக உயர்ந்து நிற்கும் மோதிரம் அது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்கக் கையுறை. முதல் வாரத்திலேயே எத்தனை கையுறை கிழிந்தது என்று கணக்கே இல்லை, சேலை நூலும் மாட்டும், தலை வாரினால் முடியும் மாட்டும். பீரோவில் வைத்தது அங்கேயே இருக்கிறது. "ஏம்மா மோதிரம் போடல?" என்று மாமியார் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவர் உண்மையிலேயே பார்த்துப் பார்த்து வாங்கியது அது.

அதனால்தான் சொல்கிறேன், மேடையில் எப்படித் தெரியும் என்று யோசிக்காதீர்கள், மறுநாள் காலையில் அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா என்று யோசியுங்கள். நிச்சயத்துக்கு வாங்கும் நகைகளில் தினமும் உடம்பில் இருக்கப்போவது மோதிரம் ஒன்றுதான். நெக்லஸை விசேஷத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், மோதிரத்தை அப்படி எடுத்து எடுத்து வைக்க மாட்டோம்.

"உங்க இஷ்டம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிச்சயத்துக்கு முன்னால் எது வேண்டும் என்று கேட்டுச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் கூச்சம் இருக்கும், விலை அதிகமானதைக் காட்டிவிடுவோமோ என்ற பயமும் இருக்கும். என் தம்பியும் இதே இடத்தில்தான் நின்றான். அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணுக்கு நான்கு படங்கள் அனுப்பச் சொன்னேன்: ஒன்று வெறும் தங்க வளையம், ஒன்று ஒற்றைக் கல் உயர்ந்து நிற்பது, ஒன்று கல் உள்ளே பதிந்தது, ஒன்று பூ வேலை செய்தது. "இதில் எதைப் போட மாட்டாய்?" என்று மட்டும் கேள் என்றேன். 5 நிமிடத்தில் இரண்டைத் தள்ளிவிட்டாள். பிடித்ததைச் சொல்லத் தயங்குகிறவர்கள் பிடிக்காததைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டால் அவளையே கடைக்குக் கூட்டிப் போங்கள், அதைவிட நல்லது எதுவும் இல்லை. இல்லையென்றால் அவள் அக்காவையோ தங்கையையோ அழைத்துப் போய் வீடியோ காலில் காட்டுங்கள்.

அடுத்தது அளவு. நூல் சுற்றி அளப்பதை நம்பாதீர்கள், நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதிலேயே அளவு மாறிவிடும். அவள் பகுதியில் இருக்கும் எந்த நகைக் கடையிலும் ஆசாரி பட்டறையிலும் அளவு வளையங்கள் கோத்த கொத்து ஒன்று இருக்கும், வாங்காவிட்டாலும் அளந்து சொல்வார்கள். நம் ஊர் அளவு எண் ஒவ்வொன்றுக்கும் உள்சுற்றளவில் 1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், 12ஆம் எண் என்றால் சுமார் 52 மில்லிமீட்டர். காலையில் விரல் கொஞ்சம் மெலிந்திருக்கும், சாயங்காலமும் வெயில் நேரத்திலும் உப்பும், அதனால் சாயங்காலம் அளக்கச் சொல்லுங்கள். மூட்டைத் தாண்டும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், தாண்டியபின் சுழல வேண்டும். பட்டையான மோதிரம் என்றால் அதே அளவிலேயே இறுக்கமாக இருக்கும், அரை எண்ணோ ஒரு எண்ணோ கூட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கை, எந்த விரல் என்பதையும் மறக்காமல் கேளுங்கள், வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வலது விரல் கொஞ்சம் பெரிது. சுற்றிலும் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் ரொம்பக் கஷ்டம், கீழ்ப்பாதி வெறும் தங்கமாக இருந்தால் ஆசாரி எளிதாகச் செய்துவிடுவார்.

இப்போது தங்கமா வைரமா. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல் இல்லாத 22 கேரட் மோதிரத்தை நாளைக்கு மாற்றினால் தங்கத்தின் அன்றைய விலை கிடைக்கும், நஷ்டம் செய்கூலி சேதாரத்தோடு போகும். வெள்ளைக் கல், சிவப்புக் கல் வைத்ததை மாற்றப் போனால் கல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தர மாட்டார்கள். வைரம் வேண்டும் என்றால் 18 கேரட்டில் வாங்குங்கள். 22 கேரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அது மென்மை, கல்லைப் பிடித்திருக்கும் நகம் போன்ற சின்னக் கம்பிகள் நாளடைவில் வளைந்துகொடுக்கும். 18 கேரட்டில் 75 சதவீதம்தான் தங்கம், மீதி வேறு உலோகம் என்பதால் கெட்டியாகப் பிடிக்கும்.

வைரத்தில் "விவிஎஸ், இஎஃப்" என்றெல்லாம் வேகமாகச் சொல்லுவார்கள், மிரள வேண்டாம். முதலில் சொல்வது உள்ளே எவ்வளவு மாசு இருக்கிறது என்பது, அடுத்தது நிறம். ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். 20 சென்ட் கல் 4 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. அவ்வளவு சின்னக் கல்லில் விவிஎஸ்ஸுக்கும் அதற்கு அடுத்த விஎஸ்ஸுக்கும் வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, பட்டை தீட்டியது சரியாக இருந்தால்தான் கல் மின்னும், என்னைக் கேட்டால் காசை அங்கே போடுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் விலை ரொம்பக் குறைவு, அதுவும் அசல் வைரம்தான், அதே கார்பன். ஆனால் திரும்பக் கொடுக்கும்போது பெரிதாக ஒன்றும் வராது. தெரிந்து வாங்கினால் தப்பே இல்லை, சான்றிதழில் எது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வைரம் என்று முடிவு செய்வதற்கு முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களுக்குப் பழந்தமிழிலேயே பெயர் இருக்கிறது, அவ்வளவு காலமாக நம் ஆட்கள் கல்லைச் சோதித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவள் பாட்டி மனதில் ஒரு சந்தேகம் இருந்தால் அந்த மோதிரத்தை அவளால் நிம்மதியாகப் போட முடியாது.

பில் கணக்கைக் கட்டாயம் கற்றுக்கொண்டு போங்கள், பயம் பாதி அங்கேயே போய்விடும். 2024 தை மாதம் தம்பிக்காக மதுரையில் நகைக் கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதிக்குப் போனோம். ஒரு கடையில் கல் வைத்த மோதிரம் 4.200 கிராம் என்று எடை போட்டு, 14 சதவீதம் சேதாரம் சேர்த்து, 4.788 கிராமுக்குத் தங்க விலை போட்டுவிட்டார்கள். கல் எடை எவ்வளவு என்று நான் கேட்ட பிறகுதான் 350 மில்லி என்றார்கள். அதைக் கழித்தால் தங்கம் 3.850 கிராம், சேதாரத்தோடு 4.389. கிட்டத்தட்ட 400 மில்லிகிராம், கல்லைத் தங்க விலைக்குக் கொடுக்கப் பார்த்தார்கள்! எனக்குக் கோபம் தாங்கவில்லை, எழுந்து வந்துவிட்டோம். நீங்கள் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி தனியா என்று கேளுங்கள், அதில் பேசிக் குறைக்கலாம், அதற்கு உங்கள் அம்மாவைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். கடைசியில் 3 சதவீதம் ஜிஎஸ்டி, அதில் பேரம் கிடையாது.

ஹால்மார்க்கில் மூன்று அடையாளம் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, தூய்மை எண் (22 கேரட்டுக்கு 916, 18க்கு 750), எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த 6 இலக்கம் கட்டாயம். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் படித்து, கடையில் நிற்கும்போதே பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். தூய்மையோடு அது என்ன நகை என்பதும் வரும், மோதிரத்தின் எண்ணைப் போட்டால் மோதிரம் என்றுதான் வர வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, அதனால் மிக மெல்லிய மோதிரமாகப் பார்க்காதீர்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாளும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வார நாளில் கடை திறந்ததும் போங்கள். முதல் நாள் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள், இரண்டு மோதிரத்தைப் படம் எடுத்து, எடையையும் சேதாரத்தையும் குறித்துக்கொண்டு வந்து, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். விலை ஏறிவிடும், இன்றே அட்வான்ஸ் கொடுங்கள் என்பார்கள். 4 கிராம் மோதிரத்தில் ஒரு நாள் ஏற்ற இறக்கம் உங்கள் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரும்பாலும் இருக்காது. பெயர் பொறிக்க வேண்டுமானால் அளவு சரியா என்று விரலில் போட்டுப் பார்த்த பிறகு பொறியுங்கள், பொறித்த பிறகு வெட்டி ஒட்டினால் எழுத்து கெட்டுவிடும்.

தம்பி மனைவி தேர்ந்தெடுத்தது கல் உள்ளே பதிந்த மெல்லிய பட்டை மோதிரம். வங்கியில் வேலை, தினமும் போட்டுக்கொண்டு போகிறாள், பாத்திரம் கழுவும்போதும் கழற்றுவதில்லை.

உங்களுக்கு இருக்கும் 6 வாரத்தில் இந்த வாரம் படமும் அளவும், அடுத்த வாரம் கடை என்று வைத்துக்கொண்டால் ஆர்டர் கொடுத்துச் செய்து, சரியில்லை என்றால் திருத்தவும் நேரம் இருக்கும். அப்புறம் தம்பி, உங்கள் விரல் அளவையும் இன்றே பெண் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று அவர்களும் தயங்கிக்கொண்டிருப்பார்கள்.