ஈசிஜி நார்மல், படபடப்பு மட்டும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. நான்கு மாதங்களாகத் திடீரென நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஈசிஜி நார்மல், 'கேஸ்' என்கிறார்கள். தெரிந்த மெடிக்கலில் வாங்கிய அல்பிரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரை போட்டால்தான் தூக்கம். மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டுமா?

பதில்: முதலில் குடும்ப டாக்டரே போதும். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். எனவே டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், பதற்றத்தை அளக்கும் 'ஜிஏடி-7' என்ற ஏழு கேள்விகளை டாக்டர் கேட்பார். கடந்த 2 வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தொட்டால் பதற்ற நோயா என்று விரிவாக விசாரிக்க வேண்டும். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கட்டாயம் கேட்க வேண்டும். அப்படி எண்ணம் இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள்; 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் தமிழில் பேசலாம்.

மருந்து தேவைப்பட்டால், பெரும்பாலும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்சிடலோபிராம் மாத்திரையை 5 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரத்தில் 10 மி.கி. ஆக்குவார்கள். பலர் தவறுவது இங்கேதான். முதல் இரண்டு வாரங்களில் குமட்டல் வரும், படபடப்பு சற்றுக் கூடவும் செய்யும். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும் இதற்கு இணையாகப் பலன் தரும்.

அல்பிரசோலம்தான் எங்களுக்குக் கவலை. சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். தினமும் போட்டுவந்தால் சட்டென நிறுத்தாதீர்கள், வலிப்பே வரலாம். எத்தனை மி.கி., எத்தனை நாளாக என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.