மரங்கள் மறைக்கும் வளவிலிருந்து கரினா நெபுலாவைப் படம் எடுக்க முடியுமா? திருகோணமலையில் இருக்கிறேன், தெற்குப் பக்கம் முழுக்கத் தென்னை.

தாராளமாக எடுக்கலாம். நானும் உப்புவெளியில் வீட்டுப் பின்வளவில் வைத்துத்தான் எடுக்கிறேன். கமரா, லென்ஸ் எல்லாம் அப்புறம். முதலில் வளவுக்குள் நிற்கும் இடத்தைத் தேடுங்கள்.

கரினா, அதாவது விண்வெளியில் ஒளிரும் அந்த வாயு மேகம், நம் ஊரில் உச்சத்துக்கு வரும்போதும் தெற்கு அடிவானத்துக்கு மேல் 21 பாகை அளவில்தான் நிற்கும். கையை நீட்டிப் பொத்தினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அப்படி இரண்டு பிடி உயரம். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் நம் உறவுகளுக்கு அது உதிப்பதே இல்லை, ஆகவே இந்த இரண்டு பிடியை விட்டுவிடாதீர்கள்.

கமராவைவிட 10 மீற்றர் உயர்ந்த தென்னை 20 மீற்றர் தூரத்தில் நின்றால் மறைக்கும். 30 மீற்றருக்குப் பின்வாங்கினால் நெபுலா உச்சத்தில் நிற்கும் நேரம் வட்டுக்கு மேலால் தெரியும். அவ்வளவு நீள வளவு இல்லையென்றால் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு பிடி அகல இடைவெளி பாருங்கள். அதைக் கடக்கக் கரினாவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், அது போதும். மாரி மழை ஓய்ந்த பிறகு வரும் நிலவில்லாத இரவுகள் நல்லவை. உச்சம் மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி, ஏப்ரல் நடுப்பகுதியில் இரவு ஒன்பதேகால் அளவில்.

வானத்தோடு சுழலும் டிராக்கர் இருந்தால் இன்னொரு சிக்கல்: அதை நேர்ப்படுத்த உதவும் துருவ நட்சத்திரம் வடக்கே எட்டரைப் பாகையில்தான், பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால். போனின் திசைகாட்டியையும் சாய்வுமானியையும் வைத்துத் தோராயமாக நிறுத்தி, நட்சத்திரம் நகர்வதைப் பார்த்துத் திருத்துங்கள். டிராக்கர் இல்லையா? கவலை வேண்டாம். அவ்வளவு தெற்கே நட்சத்திரங்கள் வான நடுக்கோட்டில் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் வரும் கோடு) ஓடுவதில் பாதி வேகத்தில்தான் நகரும். 135 மில்லிமீற்றர் லென்ஸில் இரண்டு செக்கனாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்கலாம்.

தாழ்வான வானத்தில் காற்று தடிப்பம், கடல் ஈரமும் சேரும். நீல ஒளிதான் அதில் அதிகம் சிதறும். கரினாவின் ஐதரசன் ஒளி சிவப்பு என்பதால் அது ஓரளவு தப்பி வரும். ஓலை ஆடி உள்ளே வந்த படங்களை அடுக்குவதற்கு முன்பே இரக்கமில்லாமல் நீக்குங்கள்; வைத்திருந்தால் பின்னணி திட்டுத்திட்டாக வரும், பிறகு எந்த மென்பொருளாலும் சீராக்குவது கஷ்டம்.