மூச்சிரைப்பும் தீராத வலியும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சிஓபிடி எனப்படும் நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. பல வருடமாக முதுகுவலி, அதற்கு ட்ரமடால் சாப்பிடுகிறார். நரம்பு வலி மருந்தான பிரிகாபலினும் சேர்க்கலாமா என்று கேட்டால் நுரையீரல் மருத்துவர் தயங்குகிறார். ஏன்?

பதில்: அவர் தயங்குவது சரிதான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைத்தண்டு அதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும். ட்ரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் அந்த உணர்வை மழுங்கடிக்கும். சிஓபிடி முற்றியவருக்கு ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியேறுவதில்லை. தூக்கத்தில் இன்னும் தேங்கும். பிரிகாபலின், அதே வகையைச் சேர்ந்த கபாபென்டின் இரண்டும் மூச்சை மந்தப்படுத்தக்கூடும் என்றும், முதியவர்கள், சிஓபிடி உள்ளவர்கள், ஓபியாய்டு எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. உங்கள் அப்பாவுக்கு இந்த மூன்றும் பொருந்துகின்றன. இந்த இரு மருந்துகளும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் அளவு முடிவு செய்யக் கூடாது. தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. காலையில் தலைவலி, பகலில் அசாதாரணத் தூக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவ்வளவு ஆபத்தை ஏற்பதற்கு ஈடான பலனாவது உண்டா? 2018-இல் வெளியான ‘ஸ்பேஸ்’ ஆய்வில் முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் தேய்மான வலியோ உள்ள 240 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் ஓபியாய்டு எடுத்த குழு, ஓபியாய்டு அல்லாத வலி மருந்து எடுத்த குழுவை மிஞ்சவில்லை, பக்கவிளைவுகள்தான் அதிகம். ஆனால் ட்ரமடாலைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வியர்வை, பதற்றம், தூக்கமின்மை வரும். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி எடுத்தவர்களுக்கு எலும்பு மெலிந்து, பலமாக இருமினாலே முதுகெலும்பு நசுங்கலாம். வலி திடீரென்று புதிதாகக் கூடியிருந்தால் மாத்திரையை மாற்றும் முன் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சிஓபிடிக்கான புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எனக்குப் போலி மருந்து கிடைத்துவிட்டால்?

பதில்: இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் நீங்கள் எடுத்துவரும் இன்ஹேலர் தொடரும், அதன் மேல்தான் புது மருந்தோ போலி மருந்தோ சேர்க்கப்படும். சம்மதப் படிவத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, எதை அளக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். முதல் வினாடியில் ஊதும் காற்று 40 மில்லி கூடியது என்பது காகிதத்தில் வெற்றி. நோயாளி வித்தியாசத்தை உணர ஏறக்குறைய 100 மில்லியாவது கூட வேண்டும்.

டுபிலுமாப் ஊசிக்கான ‘போரியாஸ்’ ஆய்வில் (2023) நோய் திடீரென்று முற்றும் தடவைகள் 30 சதவீதம் குறைந்தன. ஒருவருக்கு வருடத்துக்கு 1.10 தடவை என்பது 0.78 ஆனது. அதாவது மூன்று பேர் ஒரு வருடம் ஊசி போட்டால், மூவருக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு தடவை மிச்சம். அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே மூன்று வகை இன்ஹேலர் மருந்து எடுத்தும் நோய் அடங்காதவர்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் எனும் ஒருவகை வெள்ளை அணுக்கள் குறைந்தது 300 இருந்தவர்கள். உங்கள் எண்ணிக்கை 100 என்றால் அந்தப் பலனை உங்களுக்கு எதிர்பார்க்க முடியாது.

வலி மருந்து ஆய்வென்றால் 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் 2 புள்ளி குறைவதைத்தான் நல்ல பலன் என்பார்கள். போலி மருந்துக் குழுவிலும் வலி குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பலரும் சேருகிறார்கள், அது தானாகவும் இறங்கும். ஆகவே இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் விலகலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஆக்சிமீட்டர் 91 காட்டுகிறது. வீட்டில் ஆக்சிஜன் வேண்டுமா?

பதில்: ஓய்வாக இருக்கும்போது 91 என்றால் பொதுவாக வேண்டாம். 89 முதல் 93 வரை இருந்தவர்களும் நடக்கும்போது குறைந்தவர்களுமாக 738 பேரிடம் நடந்த 2016 ஆய்வில், ஆக்சிஜனால் ஆயுளும் நீளவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் தள்ளிப்போகவில்லை. நோய் நிலையாக இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழ் நின்றால் கதை வேறு: தினமும் குறைந்தது 15 மணி நேரம் தேவைப்படும். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறும்.

கேள்வி: இன்ஹேலர் பலனளிக்கவே இல்லையே?

பதில்: மருந்தை மாற்றும் முன் உறிஞ்சும் முறையைச் சோதியுங்கள். அழுத்தும் வகை என்றால் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்தியபடி மெதுவாக 3 முதல் 5 வினாடி இழுத்து, 10 வினாடி அடக்குங்கள். கையும் மூச்சும் ஒத்துவராவிட்டால் இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வாங்குங்கள். பொடி வகைக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.