புல்லுக்கு ஒரு எம்.எஸ்சி.யா?

ஐயா, வணக்கம். பி.எஸ்சி. அக்ரி முடித்த மகள் வங்கித் தேர்வு வேண்டாம், நேப்பியர் புல்லிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், மாட்டுக்குப் போடுகிற புல்லுக்கு ஒரு மேற்படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தோட்டத்தில் கோ-4 கம்பு நேப்பியர் நிற்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நல்லதாய்ப் போயிற்று. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் அறுக்கலாம் என்கிற ரகம் அது. ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எரிபொருள் கணக்குக்கு நிற்பது சுமார் 70 டன் உலர்பொருள்தான். அதனால் இந்த ஆராய்ச்சியில் பச்சை எடையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாதிரியைக் காயவைத்து எடுத்த எடைதான் பேசும்.

அப்புறம் அறுக்கும் வயது. தீவனத்துக்கு 45 நாளில் அறுக்கிறோம். இன்னும் விட்டுவைத்தால் உலர்பொருள் கூடும், கூடவே தண்டை விறைக்கவைக்கும் லிக்னின் என்ற பொருளும் ஏறும். முற்றிய தட்டையை மாடு தின்னாமல் ஒதுக்குவதைத் தினமும் பார்க்கிறீர்கள். எத்தனால் ஆலையில் நாரைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் திணறுவதும் அதே லிக்னினால்தான். உயிரிவாயுக் கலனுக்கு இளம்புல் ஒத்துவரும். கொதிகலனில் எரிக்க முற்றிக் காய்ந்தது தேவலை, ஆனால் பொட்டாசும் சிலிக்காவும் மிகுந்திருந்தால் சாம்பல் உருகிக் குழாய்களில் படியும். எந்தப் புல், எந்த வயதில், எதற்கு என்று பிரித்துச் சொல்வதுதான் உங்கள் மகள் கற்கப்போகிற வித்தை.

சரி, வேலை? மறைக்காமல் சொல்கிறேன். பானிப்பட்டில் 2022இல் தொடங்கிய எத்தனால் ஆலை வைக்கோலை நம்பியது. அசாமின் நுமாலிகர் ஆலை மூங்கிலை நம்பியது (மூங்கிலும் புல் வகைதான்). எரிபொருளுக்கென்றே புல் வளர்ப்பது நம் பக்கம் இன்னும் பரவவில்லை, மாட்டுக்கே தீவனம் போதாத ஊரில் அது சுலபமும் இல்லை. ‘உயிரி எரிபொருள்’ என்ற பெயருக்காக மட்டும் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

அதனால் என் யோசனை: மரபியல், பயிர்ப்பெருக்கத் துறையில் சேர்ந்து ஆய்வுக்குத் தீவனப்பயிரை எடுக்கட்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கு வழி உண்டு. ரகத் தேர்வு, லிக்னின் பகுப்பாய்வு, புள்ளியியல் மூன்றும் கைவந்தால் எரிபொருள் சூடுபிடிக்காவிட்டாலும் பால்பண்ணைத் தீவனம், விதை நிறுவனம், கரும்பு என்று பக்கத்துக் கதவுகள் இருக்கின்றன. கரும்பும் புல்தானே! 1912இல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் புகழ்பெற்றதே கரும்பை நாணலோடு கலந்து உருவாக்கிய ரகத்தால்தான். ஆராய்ச்சியாளர் பதவிதான் குறி என்றால் முனைவர் பட்டம் வரை ஐந்தாறு வருடம் ஆகும். அந்தச் செலவை இப்போதே பேசிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் வயலிலேயே 45, 60, 90 நாள் புல்லை ஒரே அளவு இடத்தில் அறுத்து எடை போட்டு, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடை போடட்டும். மூன்று மாத வேலை, வெயிலும் புல் கீறலும் உண்டு. 90ஆம் நாளும் தானாகவே அரிவாளை எடுத்தாள் என்றால் எனக்கு எழுதுங்கள், நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசுவோம்.