கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரியில் கேமிங்: 16 கோர் ப்ராசஸர் வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. சோனி ஏ7 மார்க் 4-இல் 4கே, 25 ஃப்ரேம், 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகம் உள்ள பதிவு) ஷூட். பிரீமியர் ப்ரோவில் எடிட். மூன்று கேமரா மல்டிகேம் போட்டால் டைம்லைன் திணறுகிறது. வேலை முடிந்தபின் 1440பி மானிட்டரில் கேம். ரைசன் 9 9950எக்ஸ், 9950எக்ஸ்3டி, கோர் அல்ட்ரா 9 285கே, இந்த மூன்றில் எதை வாங்குவது?

மூன்றும் நல்ல சிப்தான். ஆனால் உங்கள் டைம்லைன் திணறுவதற்குக் கோர் குறைவாக இருப்பது முதல் காரணம் இல்லை. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் 16 கோர் வாங்கிப் போட்டால் பழைய திணறல் கொஞ்சம் குறையும், போகாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் மின்விளக்கு 50 ஹெர்ட்ஸில் எரிவதால் மண்டபத்தில் ஃப்ளிக்கர் வராமலிருக்க கேமராவை பால் (PAL) முறையில் வைத்து 25 அல்லது 50 ஃப்ரேமில் எடுக்கிறோம். பால் முறையில் இந்தக் கேமரா 4கே 25 ஃப்ரேமுக்கு எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் (ஹெச்.265 கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை) தருவதில்லை. அது 50-இல்தான் கிடைக்கும். ஆகவே உங்கள் ஃபைல்கள் எக்ஸ்ஏவிசி எஸ், அதாவது ஹெச்.264 கோடெக், 4:2:2 10 பிட், 140 எம்பிபிஎஸ். ஹெச்.264-இன் இந்த வகையைப் பெரும்பாலான ஹார்ட்வேர் டிகோடர்கள் (சுருக்கிய வீடியோவை விரிக்கும் தனிச் சர்க்யூட்) தொடுவதே இல்லை. இன்டெல் ப்ராசஸரின் உள் கிராஃபிக்ஸில் உள்ள குயிக் சின்க் டிகோடர் 11-ஆம் தலைமுறையிலிருந்து ஹெச்.265 4:2:2-ஐ டிகோட் செய்கிறது; ஹெச்.264 4:2:2-ஐ 285கே-யிலும் செய்யாது. ரைசனுக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் 4:2:0-ஓடு (நிற விவரம் குறைந்த வகை) நின்றுவிடும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளும் அப்படியே. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் ஹெச்.264, ஹெச்.265 இரண்டிலும் 4:2:2 டிகோட் வந்தது. பிரீமியரில் அதற்கான ஆதரவு 2025-இல் வந்த 25.2 பதிப்பிலிருந்து இருக்கிறது.

ஹார்ட்வேர் தொடவில்லை என்றால் அந்தச் சுமை முழுக்க ப்ராசஸர் தலையில் விழும். இது லாங் ஜிஓபி வகை ஃபைல். ஒரு ஃப்ரேமைக் காட்ட அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில ஃப்ரேம்களையும் விரித்தாக வேண்டும். நேராக ஓடவிட்டால் சமாளிக்கும். நீங்கள் ப்ளேஹெட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போதுதான் திக்கும். மூன்று கேமரா என்றால் இதே வேலை மூன்று மடங்கு.

இதை இப்போதே, ஒரு ரூபாய் செலவில்லாமல் பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வைத் தேர்ந்தெடுங்கள். நான்கு சின்ன கிராஃபில் ஒன்றை வீடியோ டிகோட் என்று மாற்றுங்கள். பிரீமியரில் ஒரே ஒரு கிளிப்பை எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஓட்டுங்கள். அந்த கிராஃப் தரையோடு கிடக்க, சிபியு மட்டும் எகிறினால் அது சாஃப்ட்வேர் டிகோட். பிரீமியரின் ப்ரிஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்ட்வேர் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிக் இருந்தும் கிராஃப் அசையவில்லை என்றால் உங்கள் கார்டுக்கு அந்தக் கோடெக் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஆகவே பட்ஜெட்டில் முதல் பங்கு ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுக்கு. 1440பி கேமிங்கும் இருப்பதால் 16 ஜிபி உள்ள 5070 டிஐ உங்களுக்குப் பொருந்தும். கேமிங் இரண்டாம்பட்சம் என்றால் 5060 டிஐ 16 ஜிபி-யும் டிகோட் வேலையைச் செய்யும். கார்டு மாற்ற முடியாத நிலை என்றால் இரண்டு வழி உண்டு. கேமராவிலேயே ப்ராக்ஸி (எடிட்டுக்கான சின்னப் பிரதி) ரெக்கார்டிங்கை ஆன் செய்து எடுத்து, பிரீமியரில் அட்டாச் ப்ராக்ஸி கொடுப்பது ஒன்று. எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ வகையில் எடுப்பது இன்னொன்று; அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்பதால் இழுத்தால் திக்காது, ஆனால் 250 எம்பிபிஎஸ். மணிக்கு 63 ஜிபி ஆகும் இடத்தில் 112 ஜிபி ஆகும். முகூர்த்தம், ரிசெப்ஷன் என்று மூன்று கேமராவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஹார்ட் டிஸ்க் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். ப்ராக்ஸியே மேல்.

சரி, டிகோட் கார்டுக்குப் போய்விட்டது. பிறகு கோர்கள் எதற்கு? வார்ப் ஸ்டெபிலைசர் அனலைஸ், சாஃப்ட்வேர் என்கோடிங்கில் இரண்டு பாஸ் எக்ஸ்போர்ட், ப்ராக்ஸி உருவாக்குவது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைட்டில் ரெண்டர் ஆகியவற்றுக்கு. லுமெட்ரி கலர், ஸ்கேலிங், பெரும்பாலான டிரான்சிஷன்கள் எல்லாம் கார்டில் ஓடுபவை. எக்ஸ்போர்ட்டை கார்டின் ஹார்ட்வேர் என்கோடரில் போட்டால் ப்ராசஸர் பாதி நேரம் சும்மா இருக்கும். எட்டு கோரிலிருந்து 12-க்குப் போகும்போது எடிட்டரில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 12-இலிருந்து 16-க்குப் போகும்போது தேடித்தான் பார்க்க வேண்டும். பிளெண்டரில் சிபியு ரெண்டர், ஹேண்ட்பிரேக்கில் எக்ஸ்265 என்கோட் மாதிரியான வேலைகள் தினமும் இருந்தால் கதை வேறு. அங்கே 16 கோரும் கடைசிச் சொட்டு வரை உழைக்கும்.

கேம் பக்கம் வருவோம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது எட்டு ஜென் 2 கோர்கள். பெரிய கேம்கள் அந்த அளவுக்கே எழுதப்படுவதால் எட்டு நல்ல கோருக்கு மேல் இருப்பதை அவை பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. கேமுக்குக் கோர் எண்ணிக்கையைவிட கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) முக்கியம். எட்டே கோர் உள்ள 9800எக்ஸ்3டி-யின் 96 எம்பி எல்3 கேஷ் கேமில் 16 கோர் 9950எக்ஸை முந்துவது இதனால்தான்.

9950எக்ஸ்3டி இரண்டையும் ஒரே சிப்பில் சேர்க்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. உள்ளே எட்டு எட்டுக் கோராக இரண்டு சிப்லெட் (சின்னச் சிப் துண்டு). ஒன்றில் 96 எம்பி கேஷ், மற்றதில் 32 எம்பி. கேம் முதல் சிப்லெட்டில் ஓட வேண்டும், இரண்டாவது பார்க் ஆகி (தற்காலிகமாகத் தூங்கி) ஒதுங்க வேண்டும். இதைச் செய்வது விண்டோஸும் ஏஎம்டி-யின் சிப்செட் டிரைவரும். வாங்கியவர்கள் "கேமில் எதிர்பார்த்த வேகம் இல்லை" என்று சொல்வது பெரும்பாலும் இங்கே சறுக்கியதால்தான். வரிசையாகச் செய்ய வேண்டியது: பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள், விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள், ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் போடுங்கள், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கேம் பாரை அப்டேட் செய்து, செட்டிங்ஸில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். பிறகு ஒரு கேமை ஓடவிட்டு ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பக்கத்தைத் திறந்தால் 16 முதல் 31 வரையிலான கிராஃப்களில் (ஒரு கோர் இரண்டாக எண்ணப்படுவதால் இவைதான் இரண்டாவது சிப்லெட்) பார்க்டு என்று எழுதியிருக்க வேண்டும். பழைய சிப்பில் இருந்த விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு புது சிப்பை மாட்டியவர்களுக்குத்தான் இது அதிகம் தவறும்.

கேம் ஆடும்போது பின்னால் எக்ஸ்போர்ட் ஓட வேண்டும் என்றால் டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் மீடியா என்கோடரின் மேல் வலது கிளிக் செய்து, செட் அஃபினிட்டியில் 16 முதல் 31 வரை மட்டும் டிக் வையுங்கள். கேமும் எக்ஸ்போர்ட்டும் ஒரே சிப்லெட்டில் முட்டிக்கொள்ளாது. ஒருமுறை மூடித் திறந்தால் இந்த அமைப்பு போய்விடும், மறுபடி வைக்க வேண்டும். எக்ஸ்போர்ட் கார்டின் என்கோடரைப் பயன்படுத்தினால் கேமுக்கும் அதே கார்டு தேவைப்படுவதால் ஃப்ரேம் குறையும். இப்படி ஒரே நேரத்தில் ஓட்டுவதற்குச் சாஃப்ட்வேர் என்கோடிங்தான் தோது.

9900எக்ஸ்3டி பக்கம் போகாதீர்கள் என்றே சொல்வேன். அதில் 6+6. பெரிய கேஷ் ஆறு கோருக்கு மட்டும்தான். கேமுக்கு 9800எக்ஸ்3டி-யைவிடக் குறைவு, எடிட்டிங்குக்கு 9950எக்ஸைவிடக் குறைவு.

285கே-யில் எட்டுப் பெரிய கோர், 16 சின்ன கோர், மொத்தம் 24 த்ரெட். ரெண்டரில் 9950எக்ஸுடன் தோளுக்குத் தோள் நிற்கும்; கேமில் எக்ஸ்3டி சிப்களுக்குப் பின்தங்கும். நீங்கள் 50 ஃப்ரேமில் ஹெச்எஸ் எடுப்பவராக இருந்து, கார்டு பழையது என்றால் குயிக் சின்க்கின் ஹெச்.265 4:2:2 டிகோட் உங்களுக்குப் பெரிய வரம். அப்போதும் 20 கோர் உள்ள 265கே-யே போதும், அதே டிகோடர்தான் அதிலும் இருக்கிறது. கே-க்குப் பின்னால் எஃப் உள்ள மாடலில் உள் கிராஃபிக்ஸ் இருக்காது, குயிக் சின்க்கும் இருக்காது. விலை குறைவாயிற்றே என்று எடுத்துவிடாதீர்கள். கார்டு மாட்டியதும் சில போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்பதை எனேபிள் செய்தால் திரும்ப வரும்.

செகண்ட் ஹேண்டில் ஐ9 13900கே, 14900கே மலிவாகக் கண்ணில் படும். அதிக வோல்டேஜால் சிப் மெல்ல மெல்லத் தேயும் கோளாறை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, பாக்ஸில் வந்த சிப்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் மேற்கொண்டு தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. முந்தைய உரிமையாளர் பயாஸ் அப்டேட் செய்தாரா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் வேலைக்கு என் தேர்வு இதுதான்: 5070 டிஐ-யுடன் 12 கோர் 9900எக்ஸ். 9950எக்ஸ்3டி-க்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை ரேமிலும் என்விஎம்இ-யிலும் போடுங்கள். 1440பி-யில் கனமான கேம்களில் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும், ப்ராசஸர் அல்ல. 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டிக் கேம் ஆடுபவர், ஃப்ளைட் சிமுலேஷன் பைத்தியம், இவர்களுக்கு மட்டும் 9950எக்ஸ்3டி-யின் கேஷ் கொடுத்த காசுக்கு வரும். இரண்டும் ஒரே ஏஎம்5 சாக்கெட் என்பதால் பிறகு மாற்றுவதும் எளிது.

ரேம் வாங்கும்போது நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று: 16 ஜிபி ஸ்டிக் நான்கு. ஏஎம்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்தால் சில நேரம் பூட்டே ஆகாது. 32 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5 6000, சிஎல்30. சிபியு-விலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். முதல் பூட்டில் மெமரி ட்ரெயினிங் நடக்கும். திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு செத்துவிட்டது என்று பயந்து பவரை அணைக்காதீர்கள்.

போர்டு பி650 அல்லது பி850 போதும், விஆர்எம் (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பி650 எடுத்தால் அதன் பயாஸ் 9000 வரிசையை ஏற்குமா, ப்ராசஸர் இல்லாமலே பயாஸை அப்டேட் செய்யும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் கார்டின் 16 லேன் (தரவுப் பாதை) எட்டாகிவிடும். மேனுவலில் ஒரு வரியில் இருக்கும்.

சூட்டைப் பற்றி. 9900எக்ஸ் சாக்கெட்டில் 162 வாட் வரை இழுக்கும். 9950எக்ஸ், 9950எக்ஸ்3டி இரண்டும் 200 வாட். 285கே 250 வாட். ரைசன் 95 டிகிரி வரை ஏறினாலும் அது வடிவமைப்பில் உள்ளதுதான். ஆனால் ஏசி இல்லாத அறை சித்திரை வைகாசியில் 38 டிகிரி ஆகும்போது கூலருக்கு மூச்சுவிட இடமில்லை. 9900எக்ஸுக்கு நல்ல இரட்டை டவர் ஏர் கூலர் போதும், 16 கோருக்கு 360 எம்எம் லிக்விட் கூலர். வெயில் காலத்தில் பயாஸில் ஈகோ மோடை 105 வாட்டில் (இது டிடிபி கணக்கு; சாக்கெட்டில் இழுப்பது இதைவிட அதிகம்) வையுங்கள். 16 கோர் சிப் 200 வாட்டுக்குப் பதில் 142 வாட்டோடு நிற்கும். மின்சாரம் குறையும் அளவுக்கு எக்ஸ்போர்ட் வேகம் குறையாது, ஃபேன் சத்தமும் அடங்கும்.

பவர் சப்ளை 850 வாட் எடுங்கள். யுபிஎஸ்-இல் விஏ-வைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். ப்ராசஸர் 162, கார்டு 300, போர்டு, டிரைவ், ஃபேன், மானிட்டர் எல்லாம் 100 என்று வைத்தாலே 560 வாட் தாண்டுகிறது. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான். கரண்ட் போன நொடியில் எக்ஸ்போர்ட்டோடு சேர்ந்து மெஷினும் அணையும். குறைந்தது 800 வாட் என்று எழுதியிருக்கும், சுத்தமான சைன் வேவ் தரும் யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கிய அன்றே எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள், மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.