கணினியைத் தொட மறுப்பவர் யார்? வட ஆர்க்காட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நிறுவனங்களும் மனிதர்களும் தகவல் தொழில்நுட்பத்தை எப்படி ஏற்கிறார்கள் என்பதைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையிலும், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சிறு தொழிற்கூடங்களுக்கு ஆலோசனை சொல்லி வருபவன் என்ற முறையிலும், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆம்பூர், காலணி நிறுவன மேலாளர்): எட்டு மாதங்களுக்கு முன்பு இருப்புக் கணக்கு முழுவதையும் ஈஆர்பி (நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒன்றாக இணைக்கும்) மென்பொருளுக்கு மாற்றினோம். மூன்று நாள் பயிற்சியும் கொடுத்தோம். கிடங்கில் உள்ளவர்கள் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். அவர்களுடைய மனப்போக்கை எப்படி மாற்றுவது, ஐயா?

பதில்: மனப்போக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் கிடங்குக்காரரின் ஒரு நாள் வேலையைப் பாருங்கள். ஒரு கருவியை ஒருவர் ஏற்பதற்கு, அது தம் வேலைக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையும், அதைக் கையாள்வது எளிது என்ற நம்பிக்கையும் வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். அதை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் ‘பயன்’ யாருக்கு என்ற கேள்வியைக் கேட்பதில்லை. சென்னையில் இருந்தபடியே முதலாளி இருப்பைப் பார்க்க முடிகிறது என்பது முதலாளிக்குக் கிடைத்த பயன். கிடங்குக்காரருக்கு நோட்டில் எழுதியதையே மாலையில் மறுபடி தட்டச்சு செய்யும் வேலை கூடியிருக்கிறது. கணக்கு இடித்தால் உடனே அவர் பெயர் வெளியே தெரியும் என்ற அச்சமும் சேர்ந்திருக்கிறது.

தகவல் முறை ஆய்வாளர் லின் மார்கஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் வரும் ஓர் அமெரிக்க நிறுவனத்தில், கிளைகளின் கணக்கர்கள் புதிய நிதிக் கணினி முறையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்பது காரணமாகத் தெரியவில்லை. மென்பொருளின் குறை என்று மட்டும் சொல்லவும் முடியவில்லை. அதுவரை அவர்கள் கையிலிருந்த கணக்கின் மீதான அதிகாரம் அந்த முறையால் தலைமை அலுவலகத்துக்குப் போனதே காரணம் என்று அவர் காட்டினார். உங்கள் கிடங்கிலும் அப்படி ஏதாவது கைமாறியதா என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு நாள், பயிற்சியாளரை அனுப்பாமல் நீங்களே கிடங்கில் நில்லுங்கள். சரக்கு வரும்போது என்ன நடக்கிறது, வெட்டும் பிரிவுக்குத் தோலை எடுத்துக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கூடவே ஒன்று: எட்டு மாதத் தரவுக்குக் காப்புப் பிரதி இருக்கிறதா, அதை வேறொரு கணினியில் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா? ஏற்றிப் பார்க்காத பிரதியை நான் பிரதியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி (குடியாத்தம், லுங்கி வியாபாரி): சிறு கடைக்கு எந்த பில்லிங் மென்பொருள் நல்லது?

பதில்: பெயர் சொல்லமாட்டேன். உங்கள் தரவு முழுவதையும் நீங்கள் நினைத்த நேரத்தில் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க அது விடுகிறதா, பழுது வந்தால் அரை நாளில் வந்து பார்க்க உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா, இந்த இரண்டையும் கேளுங்கள். வாங்கிய வாரமே காப்புப் பிரதி எடுத்து, திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி (காட்பாடி, எம்பிஏ மாணவி): என் ஆய்வுத் திட்டத்துக்கு டேவிஸின் மாதிரியை எடுப்பதா, 2003ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த மாதிரியை எடுப்பதா?

பதில்: வெங்கடேஷும் மற்றவர்களும் 2003இல் எட்டு மாதிரிகளை ஒன்றாக்கி, எதிர்பார்க்கும் பலன், எதிர்பார்க்கும் உழைப்பு, சுற்றியுள்ளவர்களின் தாக்கம், உதவும் சூழல் என்று நான்கு காரணங்களைச் சொன்னார்கள், வயது, பாலினம், அனுபவம், விருப்பப்படியா கட்டாயமா என்பவை அவற்றின் வலுவைக் கூட்டும் அல்லது குறைக்கும் என்றார்கள். நம் ஊர்ச் சிறு வணிகத்தை ஆராய்வதானால், அம்மா, அந்தக் கடைசி அம்சத்துக்காகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது கணினிக் கணக்கு சட்டத்தின் வழியாக வந்தது. பல கடைக்காரர்கள் கணினியைத் தொடாமலே பில் கட்டை ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். தாளில் அந்தக் கடை ‘ஏற்றுக்கொண்டது’; பயன்படுத்துபவர் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன். ‘பயன்படுத்த எண்ணமுண்டா’ என்று கேட்கும் வினாத்தாளில் இது சிக்காது. ஆகவே விசைப்பலகையில் யாருடைய கை இருக்கிறது என்பதை நேரில் போய்ப் பாருங்கள். வகுப்புத் தோழர்களுக்கே படிவத்தை அனுப்பி நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (வாணியம்பாடி, மளிகைக் கடை): யுபிஐயில் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பக்கூடாது. உங்கள் கைபேசியிலோ ஒலிப்பெட்டியிலோ வரவு தெரிந்த பிறகு பொருளைக் கொடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் (PIN) தேவையே இல்லை, அதைக் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

கேள்வி (பேரணாம்பட்டு): பில்லிங்குக்கு எந்த மென்பொருளை வாங்கலாம்?

பதில்: குடியாத்தம் நண்பருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (திருப்பத்தூர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்): ஆம்பூர் மேலாளருக்கு நீங்கள் சொன்னது ஒருதலைப்பட்சமானது. முப்பது ஆண்டுப் பணியில் நான் பார்த்தவரை வயதானவர்களே கணினியைத் தொட மறுத்தார்கள். புதியவை மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸே அப்படிப்பட்டவர்களைப் ‘பின்தங்கியோர்’ என்று தனி வகையாக வைத்திருக்கிறாரே?

பதில்: வைத்திருக்கிறார், ஐயா. 1962இல் அவர் வகுத்த ஐந்து வகைகளில் கடைசி வகை 16 விழுக்காடு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கவேண்டும். ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்ட காலத்தை வரிசையாக வைத்து, மணி வடிவக் கோட்டைச் சராசரியிலும் திட்ட விலக்கத்திலும் (சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறார்கள் என்ற அளவு) அறுத்தால் கடைசித் துண்டு 16 விழுக்காடு ஆகிவிடும். எந்த ஊரில், எந்தக் கருவியை எடுத்துக்கொண்டாலும் கடைசியாக வந்தவர்கள் இருப்பார்கள். கோடு சொல்வது ‘எப்போது’ என்பதை மட்டுமே. ‘ஏன்’ என்பதை நாம் போய்த்தான் கேட்கவேண்டும். தாமதத்துக்குத் தனிமனிதரையே குற்றவாளியாக்கும் சாய்வு இத்துறையில் உண்டு என்று பின்னாளில் ரோஜர்ஸே எச்சரித்திருக்கிறார்.

இதற்கு நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லும் அதைத் தொடர்ந்த குட்டை ரகங்களும் எப்படிப் பரவின என்று பார்க்க, 1973-74இல் கேம்பிரிட்ஜின் பி. எச். ஃபார்மர் தலைமையிலான குழு வட ஆர்க்காட்டு கிராமங்களில் ஆய்வு செய்தது. எதிர்பார்த்ததைவிடப் பரவல் மெதுவாகவே இருந்தது. ஏறத்தாழ பத்தாண்டு கழித்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் அதே பகுதிக்குத் திரும்பி வந்தபோது, சிறு விவசாயிகளும் பெருவிவசாயிகளைப் போலவே அந்த ரகங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆய்வோடு நின்றிருந்தால் அவர்களையும் பின்தங்கியோர் என்று எழுதி வைத்திருப்போம்.

கேள்வி (ஆர்க்காடு, விவசாயி): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பா அந்தக் காலத்தில் புது நெல்லைத் தாமதமாகத்தான் போட்டார். எங்கள் கிணற்றில் கோடைக்குத் தண்ணீர் நிற்காது. மோட்டார் வந்த அடுத்த போகமே போட்டார். இதைப் பழமைவாதம் என்பீர்களா?

பதில்: இல்லை. நான் ஒரு பக்கத்தில் சொன்னதை நீங்கள் நான்கு வரியில் சொல்லிவிட்டீர்கள். திருப்பத்தூர் ஐயா இதைப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (திருப்பத்தூர், மீண்டும்): படித்தேன். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், சரி. கணினிக்கு என்ன தண்ணீர் வேண்டும்? வெறும் பிடிவாதத்தால் மறுப்பவர் ஒருவர்கூட இல்லையா?

பதில்: இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. எல்லா வசதியும் செய்து கொடுத்த பிறகும் தொடாத இருவரை நானே கண்டிருக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில் வரவேண்டும். நம் அலுவலகங்கள் அதிலிருந்தே தொடங்குகின்றன. கணினிக்கு வேண்டிய தண்ணீர் எது என்பதற்கு, ஆம்பூரிலிருந்து இப்போது வந்திருக்கும் கடிதமே பதில்.

கேள்வி (ஆம்பூர், மேலாளர்): இரண்டு நாள் கிடங்கில் நின்றேன். கணினி மாடியில் கணக்குப் பிரிவில் இருக்கிறது; கிடங்கு கீழே. தோல் கேட்டு ஆள் வந்து நிற்கும்போது மேலே போய்ப் பதிவு செய்ய முடியாது. படிவத்தில் பதினான்கு கட்டங்கள். கிடங்குக்காரருக்குத் தெரிந்தவை ஐந்து. மற்றவற்றுக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போகிறார். எட்டு மாதமாக இது எனக்குத் தெரியவில்லை. இப்போது என்ன செய்யவேண்டும்?

பதில்: கடிதத்தைப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். கிடங்கின் வாசலிலேயே ஒரு கணினியோ டேப்லெட்டோ வையுங்கள். ஐந்து கட்டங்களை மட்டும் அவருக்கு விட்டுவிட்டு, மீதி ஒன்பதையும் வாங்கும் பிரிவும் கணக்குப் பிரிவும் நிரப்பும்படி மாற்றச் சொல்லுங்கள். அவர் இப்போது கையால் போடும் தினசரிக் கூட்டலை மென்பொருளே அச்சிட்டுத் தரட்டும். அவருக்கென்று ஒரு பயன் அப்போதுதான் பிறக்கும். நோட்டை நாளையே பிடுங்காதீர்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். நிறுத்தும் தேதியை இப்போதே அறிவித்துவிடுங்கள். புள்ளி வைத்த பழைய பதிவுகளைத் திருத்துவதற்கு முன்பு முழுக் காப்புப் பிரதி எடுங்கள். திரும்ப ஏற்றியும் பாருங்கள்.

கேள்வி (மேல்விஷாரம்): சிறிய தோல் கடைக்கு நல்ல பில்லிங் மென்பொருள் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: இது மூன்றாவது முறை. மேலே குடியாத்தம் கேள்விக்கான பதிலைப் பார்க்கவும்.